சுவரோவியப் பணிக்குத் தலைமை ஏற்க விரும்புகிறீர்களா? வரைவதற்கு முன் பெற வேண்டிய இரு சம்மதங்கள்

புதுதில்லி: கரோல் பாக்கிலிருந்து பட்டேல் நகர் நோக்கிச் செல்லும் புசா ரோட்டில் மெட்ரோ ரயிலின் நீல வழித்தடம் தூண்களின் மீது செல்கிறது. அதன் கீழே பள்ளி மதில்கள், வீட்டுச் சுற்றுச்சுவர்கள் என வெற்றுப் பரப்புகள் பல உள்ளன. டில்லி தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி ஒன்று இங்கு அமைந்திருப்பதால், தலைநகர்த் தமிழர்களுக்கும் இது பழக்கமான சாலை. இத்தகைய பகுதியில், சுவரொட்டியும் எச்சில் கறையும் படிந்த ஒரு சுவரை ஓவியமாக்கக் குடியிருப்பாளர் ஒருவர் தன்னார்வத்துடன் முன்வந்தால், அவர் முதலில் செய்ய வேண்டியது என்ன? உரிமையாளரின் அனுமதியையும் அக்கம்பக்கத்தினரின் ஒப்புதலையும் பெறுவதே அது.

சுவர் யாருடையது?

தில்லியில் 2007ஆம் ஆண்டின் சொத்துகள் உருக்குலைப்புத் தடுப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பொதுமக்கள் பார்வையில் படும் சொத்தின் மீது மை, சுண்ணக்கட்டி, வண்ணம் முதலியவற்றால் எழுதியோ குறியிட்டோ உருக்குலைப்போருக்கு ஓராண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க இச்சட்டம் இடமளிக்கிறது. எனவே எழுத்துப்பூர்வ அனுமதியின்றிப் பணியைத் தொடங்கலாகாது.

மெட்ரோ தூண்களுக்கு தில்லி மெட்ரோ ரயில் கழகமும், பள்ளி மதிலுக்குப் பள்ளி நிர்வாகமும் அனுமதி தர வேண்டும். பொதுவாக 60 அடிக்கு மேல் அகலமுள்ள சாலைகள் தில்லி அரசின் பொதுப்பணித் துறையிடமும், உட்தெருக்கள் மாநகராட்சியிடமும் உள்ளன. விண்ணப்பத்துடன் சுவரின் புகைப்படம், அளவு, மாதிரி ஓவியம், பணி நாட்கள், பின்னர் பராமரிக்கும் பொறுப்பாளர் ஆகிய விவரங்களை இணைப்பது நலம்.

அனுமதி வேறு, ஒப்புதல் வேறு

அரசின் அனுமதி மட்டும் போதாது என்பதை 2016ஆம் ஆண்டு ஷாஹ்தராவில் நிகழ்ந்த சம்பவம் காட்டுகிறது. தில்லி அரசின் ஆதரவு பெற்ற திட்டத்தின் கீழ், அரசுக் கட்டடச் சுவரில் உருதுக் கவிதை வரிகளை எழுதிக்கொண்டிருந்த ஓவியர்களைச் சிலர் தடுத்து, எழுதியதை அழிக்கச் செய்தனர்.

அக்கம்பக்கத்தினருடன் முன்கூட்டியே பேசுவதால் எதிர்ப்பு முற்றிலும் மறையும் என்று கூற இயலாது. ஆயினும், ஓவியத்தின் பக்கம் நின்று பேச உள்ளூரில் ஆட்கள் இருப்பர். மாதிரி ஓவியத்தைக் குடியிருப்போர் நலச் சங்கம், கடைக்காரர்கள், தெருவோர வியாபாரிகள், துப்புரவுப் பணியாளர்கள் ஆகியோரிடம் காட்டி, கருத்தறிந்து திருத்துவது தலைமை ஏற்பவரின் கடமை.

சென்னை கண்ணகி நகர் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நகரின் மையப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் மறுகுடியமர்த்தப்பட்ட அப்பகுதியின் பெயரைச் சொல்லவே வேலை தேடும் இளைஞர்கள் தயங்கிய காலம் உண்டு. தில்லி லோதி காலனியின் அரசுக் குடியிருப்புகளில் 50க்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் உருவாகக் காரணமான ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, 2020ஆம் ஆண்டு கண்ணகி நகரிலும் ஓவியங்களை உருவாக்கியது. அங்கு வாழும் சிறுவர்களின் முகங்களே சுவரில் இடம்பெற்றன.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில், சுவர்க் கிறுக்கல்களைத் தடுக்க 1984ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திட்டம், கிறுக்கிய இளைஞர்களையே ஓவியப் பணியில் சேர்த்துக்கொண்டது.

சுவரும் பருவமும்

ஈரம் கசியும் சுவரில் தீட்டிய வண்ணம் முதல் மழைக்காலத்திலேயே உரிந்துவிடும். ஆகவே கசிவை முதலில் சரிசெய்ய வேண்டும். புதிய சிமெண்ட் பூச்சு உலர ஏறத்தாழ நான்கு வாரங்கள் தேவை. அதன் பின் பிரைமர், அதன் மேல் வெளிப்புறச் சுவருக்கான எமல்ஷன் பூச வேண்டும். ஒரு லிட்டர் எமல்ஷன் இரு பூச்சுகளாகச் சுமார் 50 முதல் 60 சதுர அடிக்குப் போதுமானது. 20 அடி நீளம், 10 அடி உயரமுள்ள சுவரின் அடிப்பூச்சுக்கு ஏறத்தாழ 4 லிட்டர் ஆகும்.

மாதிரி ஓவியத்தில் கட்டமிட்டு, ஓர் அங்குலத்திற்கு ஓர் அடி என்ற அளவில் சுவருக்கு மாற்றலாம். ஓவியர் கோடுகளை வரைந்து வண்ணங்களுக்கு எண் இட்டால், பயிற்சியற்ற தன்னார்வலர்களும் நிரப்ப முடியும். சாரத்தின் மீது ஏறும் பணியைப் பயிற்சி பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். சிறுவர்கள் தரையில் நின்று எட்டும் உயரத்தில் மட்டும் தீட்டலாம். தில்லியில் கடும் வெயிலும் மழையும் தவிர்ந்த பிப்ரவரி, மார்ச் மாதங்கள் இப்பணிக்கு ஏற்றவை.

சிறிதாகத் தொடங்கலாம்

முதல் முயற்சியே பெரிய சுவராக இருக்க வேண்டியதில்லை. யோகேஷ் சைனி தொடங்கிய 'டெல்லி ஸ்ட்ரீட் ஆர்ட்' குழுவின் தொடக்கப் பணி, லோதி தோட்டத்துக் குப்பைத் தொட்டிகளுக்கு வண்ணம் தீட்டியதே. அதன் பின்னரே அக்குழு நகரின் சுவர்களுக்கு வந்தது.

திறப்பு நாளுடன் தலைமைப் பொறுப்பு முடிவதில்லை. ஓவியத்தின் மீது ஒட்டப்படும் முதல் சுவரொட்டியை உடனே அகற்றாவிடில், அடுத்தடுத்து ஒட்டப்படுபவற்றைத் தடுப்பது கடினம். மீதமுள்ள வண்ணத்தைப் பெயரிட்டுப் பாதுகாத்து, மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுதோறும் பழுது பார்க்க இருவரையேனும் முன்னரே நியமிப்பது அவசியம்.