கிளினிக்கை நடத்த நோயாளியிடமும் யோசனை கேட்கலாம்

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால், பல ஊர்களில் காலை எட்டு மணிக்கே போனும் கையுமாக உட்கார வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் அன்றைய நேரமெல்லாம் தீர்ந்துவிடும். உள்ளே அடுத்தடுத்து ஆட்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவருக்கு, லைன் கிடைக்காமல் தவித்தவர்களின் பாடு தெரிய வழியில்லை.

ஆக்ஸ்போர்டுஷயரில் பெரின்ஸ்ஃபீல்டு என்ற ஊரின் மருத்துவர் பீட்டர் பிரிட்சார்டு, 1972-இலேயே நோயாளிகளை அழைத்து, தன் கிளினிக்கை எப்படி நடத்தலாம் என்று பேசத் தொடங்கினார். நாட்டின் முதல் நோயாளி பங்கேற்புக் குழுக்களில் அதுவும் ஒன்று. 1978-இல் இந்தக் குழுக்களுக்கென்று தேசிய சங்கம் உருவானது. 2015 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தின் ஒவ்வொரு குடும்ப மருத்துவ கிளினிக்கும் இப்படி ஒரு குழு வைத்திருக்க வேண்டும் என்பது, அரசு மருத்துவச் சேவையோடு அது செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் நிபந்தனை.

எந்த மருந்து கொடுப்பது என்பதில் இந்தக் குழு தலையிடாது. ஆனால் அந்த மருந்துச் சீட்டை வாங்க எத்தனை முறை அலைய வேண்டும் என்பது நோயாளிக்குத்தானே தெரியும்! காத்திருப்பு அறையில் பெயரைக் கூப்பிடுகிறார்கள். காது கேளாதவர் எழுந்திருக்கவில்லை. 'ஆள் வரவில்லை' என்று குறித்துவிட்டு அடுத்தவரை அழைத்துவிடுகிறார்கள். பெயர் தெரியும்படி ஒரு திரை வைத்தால், அல்லது ஊழியர் பக்கத்தில் வந்து அழைத்தால் தீர்ந்தது. வரவேற்பு மேசையில் "என்ன தொந்தரவு?" என்று கேட்பது பின்னால் நிற்பவர் காதிலும் விழுகிறது. மனச்சோர்வோடு வந்தவர் கூச்சப்பட்டு "தலைவலிதான்" என்று மழுப்புகிறார். வரிசையை நாலடி தள்ளி நிறுத்தினால் உண்மையைச் சொல்லியிருப்பார். 'திருப்தியா, இல்லையா?' என்று கேட்கும் படிவத்தில் இவை எதுவும் பிடிபடாது.

பெயருக்குக் குழு வைத்தால் பயனில்லை. பகலில் கூட்டம் போட்டால் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள்தான் வர முடியும். கைக்குழந்தை வைத்திருப்பவரும், ஷிப்ட் வேலைக்குப் போகிறவரும், ஆங்கிலம் சரளமாக வராதவரும் விடுபட்டுப்போவார்கள். எல்லாத் தரப்பையும் சேர்க்க முயல வேண்டும் என்று ஒப்பந்தமே சொல்கிறது. மாலைக் கூட்டம், மொழிபெயர்ப்பாளர், பஸ் செலவு என்று கிளினிக்தான் மெனக்கெட வேண்டும்.

சொன்ன யோசனை என்னவாயிற்று என்று தெரியாவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு யார் வருவார்கள்? 'நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் செய்தோம்' என்று அங்கே சில இடங்களில் அறிவிப்புப் பலகை வைக்கிறார்கள். அதே பலகையில், எதைச் செய்ய முடியவில்லை, ஏன் முடியவில்லை என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.