9 நிமிட இருட்டு: நாட்டின் மின்கட்டமைப்பைக் காப்பாற்றிய டர்பைன்கள் எவை?

2020 ஏப்ரல் 5. ஊரடங்கு நேரம். இரவு 9 மணிக்கு 9 நிமிடங்கள் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு அகல் ஏற்றுங்கள் என்று பிரதமர் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்களும் ஏற்றியிருக்கலாம். அந்த நேரத்தில் நாட்டின் மின்தேவை மளமளவென்று சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையும் என்றுதான் அதிகாரிகள் கணக்குப் போட்டிருந்தார்கள்.

இதில் என்ன ஆபத்து? தேவை குறைந்தால் உற்பத்தியும் உடனே குறையணும். இல்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்க வேண்டிய அதிர்வெண் எகிறும். மின் நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தங்களைத் துண்டித்துக்கொள்ளும். அப்புறம் 9 நிமிட இருட்டு, நாடு தழுவிய மின்தடையாகிவிடும்.

அன்று அப்படி நடக்காததற்கு முக்கியக் காரணம் அணைகள். சுமார் 25,500 மெகாவாட்டாக இருந்த நீர்மின் உற்பத்தி, 25 நிமிடங்களில் 8,000 மெகாவாட்டுக்கு இறக்கப்பட்டது. விளக்குகள் எரியத் தொடங்கியதும் மறுபடி மேலே ஏற்றப்பட்டது.

சரி, நம் மின்சாரத்தில் பெரும்பங்கைத் தரும் நிலக்கரி நிலையங்களால் இதை ஏன் செய்ய முடியவில்லை?

நீராவி: வேகம் உண்டு, அவசரம் ஆகாது

டர்பைன் என்பது அடிப்படையில் ஒரு காற்றாடிதான். எது அதைத் தள்ளுகிறது என்பதில்தான் வித்தியாசம். நெய்வேலியிலும் கூடங்குளத்திலும் தள்ளுவது நீராவி. எரிபொருள்தான் வேறு. நிலக்கரி நிலையங்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்று. 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கும் நீராவி பாய்வதால், தடித்த உலோகப் பாகங்களை மெதுவாகத்தான் சூடாக்கணும், மெதுவாகத்தான் ஆறவிடணும். அவசரப்பட்டால் விரிசல் விழும். முழுக்க ஆறிப்போன நிலையத்தை மீண்டும் ஓட்ட பல மணி நேரம் பிடிக்கும்.

தண்ணீர்: மூன்று சக்கரங்கள்

தண்ணீருக்கு இந்தச் சூட்டுப் பிரச்னை இல்லை. ஆனால் வேறொரு சிக்கல் உண்டு. மலையிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீரைப் பட்டென்று நிறுத்தினால், அந்த அழுத்தம் குழாயையே உடைத்துவிடும்.

இதற்கு பெல்டன் டர்பைனில் அழகான ஒரு தீர்வு இருக்கிறது. சக்கரத்தின் விளிம்பில் வரிசையாகக் கிண்ணங்கள். அவற்றின் மீது தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். மின்தேவை குறைந்தால், ஒரு தகடு குறுக்கே வந்து அந்தப் பீச்சலைச் சில நொடிகளில் திசைதிருப்பிவிடும். குழாயின் வாய் பிறகு நிதானமாக மூடிக்கொள்ளும். தண்ணீர் குறைவு, உயரம் அதிகம் என்றால் இதுதான் பொருத்தம். கேரளத்தின் இடுக்கி திட்டத்தில் 600 மீட்டருக்கு மேலிருந்து இறங்கும் தண்ணீர், மூலமட்டம் நிலத்தடி நிலையத்தில் இத்தகைய ஆறு டர்பைன்களைச் சுழற்றுகிறது.

நடுத்தர உயரத்துக்கு பிரான்சிஸ். பக்ராவில் இருப்பது இதுதான். சட்லெஜ் நதியில் 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரியிலும் இதுவே. சுற்றிலும் உள்ள மடல்கள் திறந்து மூடி நீரின் அளவைக் கட்டுப்படுத்தும். ஆனால் ரொம்பக் குறைந்த சுமையில் ஓட்டினால் உள்ளே நீர் சுழித்து, இயந்திரமே அதிரும். அதை ரொம்ப நேரம் தாங்காது.

உயரம் குறைவு, நீர் அதிகம் என்றால் கப்லான். கப்பல் உந்தி போல இருக்கும். மேட்டூருக்குக் கீழே காவிரிக் கதவணைகளில் இந்த வகையைப் படுக்கவைத்தது போன்ற டர்பைன்கள் ஓடுகின்றன.

மற்றவை?

எரிவாயு டர்பைன், விமான எஞ்சினின் உறவுக்காரன். சீக்கிரம் கிளம்பும், ஆனால் எரிவாயு கிடைக்காமல் பல நிலையங்கள் சும்மா கிடக்கின்றன. முப்பந்தல் காற்றாலைகளின் இறக்கைகளைத் திருப்பி உற்பத்தியைக் குறைக்கலாம். கூட்டுவதற்குக் காற்று மனசு வைக்கணும்.

இப்போது அந்த ஏப்ரல் இரவு போன்ற ஒரு சோதனை தினமும் வருகிறது. 2025 தொடக்கத்தில் சூரிய மின் திறன் 1,00,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. மாலையில் அது இறங்கும் அதே நேரத்தில் நீங்கள் வீட்டுக்கு வந்து ஃபேன், ஏசி போடுகிறீர்கள். அந்த இடைவெளியை நிரப்ப, இருபுறமும் சுழலும் பிரான்சிஸ் டர்பைன்கள் மீது இப்போது கவனம் திரும்பியிருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழிருந்து தண்ணீரை மேலே ஏற்றும். தேவைப்படும்போது அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் தரும். ஏற்றுவதற்குச் செலவாகும் மின்சாரம் முழுதாகத் திரும்பக் கிடைக்காது, ஐந்தில் ஒரு பங்கு போல வீணாகும். மேற்கு வங்கத்தின் புருலியாவில் இப்படி 900 மெகாவாட் இருக்கிறது. நம்ம ஊர் காடம்பாறையில் 400.