கைநடுக்கமும் காசு லாச்சியும்: தைரொயிட் நோய்க்குச் சரியான நிபுணரைத் தேடுவது எப்படி?

கடையில் சரக்குக் குறைந்தால் உடனே கண்டுபிடித்து விடுகிறோம். ஒரு புடைவைக் கட்டு காணாமல் போனாலும் ஸ்டொக் புத்தகத்தைப் புரட்டுகிறோம். ஆனால் முதலாளியின் உடம்பில் மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்தால், "யாவாரக் கவலைதானே" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். வியாபாரிகளில் பலர் தைரொயிட் நோயை இப்படித்தான் கவனிக்காமல் விடுகின்றனர். இந்த வாரம் அதைப் பற்றி எழுதக் காரணம், எனது மச்சானின் அனுபவம்.

மச்சானுக்குக் குடியிருப்பு கொட்டாஞ்சேனை. கடை வெள்ளவத்தை காலி வீதியில். வயது நாற்பத்தெட்டு. நன்றாகச் சாப்பிடுவார், ஆனால் மெலிந்துகொண்டே போனார். கடையில் ஏசி இருந்தும் வேர்த்துக்கொட்டியது. இரவில் தூக்கமில்லை. பங்காளியோடு தினமும் வாய்த்தர்க்கம். இருபது வருட வாடிக்கையாளர் ஒருவர் விலை பேசியதற்காக முகத்திலடித்தாற்போல் பதில் சொல்லி அனுப்பிவிட்டார். கடைசியில், மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலை ஒன்று திரும்பி வந்தது. கணக்கில் பணம் இருந்தது. கை நடுக்கத்தால் கையொப்பம் மாறிப்போயிருந்ததுதான் காரணம். புறக்கோட்டையில் காசோலை திரும்பினால் அந்தக் கதை எவ்வளவு வேகமாகப் பரவும் என்பது உங்களுக்குத் தெரியும். உடம்பில் வந்த நோய் கடையின் நாணயத்தைத் தொட்டது அங்கேதான்.

முதலில் சீனி வருத்தம் என்று நினைத்து இரத்தம் பார்த்தோம். சீனி சரியாக இருந்தது. பிறகு நெஞ்சு படபடக்கிறது என்று ஈசிஜி எடுத்தோம். துடிப்பு வேகம், மற்றபடி ஒன்றுமில்லை என்றார்கள். இறுதியில் கொட்டாஞ்சேனையில் சிறிய டிஸ்பென்சரி நடத்தும் எங்கள் குடும்ப வைத்தியர்தான், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி விரல் நுனிகளைப் பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். டீஎஸ்எச் பரிசோதனைக்குத் துண்டு எழுதித் தந்தார்.

ஓர்டர் நின்றும் நிற்காத தொழிற்சாலை

தைரொயிட் என்பது கழுத்தின் முன்பக்கத்தில் இருக்கும் சிறு சுரப்பி. உடம்பின் வேகத்தைத் தீர்மானிப்பது அதுதான். மூளையின் அடியிலுள்ள இன்னொரு சுரப்பி, டீஎஸ்எச் என்ற ஹோர்மோனை அனுப்பி "இவ்வளவு உற்பத்தி செய்" என்று அதற்குக் கட்டளையிடுகிறது. தைரொயிட் அளவுக்கு மீறிச் சுரந்தால், மேலிடம் கட்டளையைக் குறைத்துவிடும். எனவே இந்த நோயில் டீஎஸ்எச் குறைவாகவும், ரீ4, ரீ3 என்பன கூடுதலாகவும் இருக்கும். தலைமைக் காரியாலயம் ஓர்டரை நிறுத்திய பிறகும் தொழிற்சாலை இரவு பகலாக ஓடுவதைப் போன்றது இது.

ரிபோட்டில் டீஎஸ்எச் குறைவு என்று கண்டதும் தைரொயிட் குறைவு என்று நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மச்சானின் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் தன்னுடைய தைரொக்சின் மாத்திரையையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அது குறைவாகச் சுரப்பவர்களுக்கான மருந்து. கூடுதலாகச் சுரப்பவருக்குக் கொடுத்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலாகும்.

கூடுதல் சுரப்புக்கு மிகப் பொதுவான காரணம் கிரேவ்ஸ் நோய். 1835இல் இதை விபரித்த டப்ளின் வைத்தியர் ரொபர்ட் கிரேவ்ஸின் பெயரால் அழைக்கப்படுகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாகத் தைரொயிட்டைத் தூண்டிவிடுகிறது. 1991 மே மாதம் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜோர்ஜ் புஷ் (மூத்தவர்) ஓடிக்கொண்டிருக்கையில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி வைத்தியசாலைக்குச் சென்றார். தேடிப் பார்த்தபோது காரணம் கிரேவ்ஸ் நோய். அவரது மனைவிக்கும் அதற்குச் சற்று முன்னர் இதே நோய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆகவே யாரும் வெட்கப்படவோ மறைக்கவோ வேண்டியதில்லை.

எந்த வைத்தியர்?

ரிபோட் கைக்கு வந்த அன்றிரவே வீட்டில் நாலு பேர் நாலு பெயர் சொன்னார்கள். கழுத்து என்பதால் காது மூக்கு தொண்டை நிபுணர் என்றார் ஒருவர். சத்திரசிகிச்சை நிபுணர் என்றார் மற்றவர். படபடப்புக்கு இருதய நிபுணர், கண் பிதுங்கினாற்போல் இருப்பதற்குக் கண் வைத்தியர் என்று பட்டியல் நீண்டது. நான்கு பேரையும் சனல் பண்ணியிருந்தால் நான்கு கட்டணம், நான்கு மாலைப் பொழுது, நான்கு மருந்துத் துண்டு.

குடும்ப வைத்தியரிடம் கேட்டபோது அவர் தெளிவாகச் சொன்னார். இதற்கு முதலில் பார்க்க வேண்டியவர் அகஞ்சுரக்கும் சுரப்பி நோய் நிபுணர். சனல் நிலையப் பலகையில் "என்டோகிரைனோலஜிஸ்ட்" என்று இருக்கும். இவர்களிடம் நீரிழிவு நோயாளர்களே அதிகம் வருவதால் நம்மவர்கள் "சீனி டொக்டர்" என்று நினைத்துக் கடந்து போகிறார்கள். தைரொயிட்டுக்கும் அவர்தான். கண், இதயம், சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் உரியவரிடம் அவரே அனுப்புவார். அவருக்கு இலக்கம் கிடைக்கத் தாமதமானால் ஒரு பொது வைத்திய நிபுணரிடம் சிகிச்சையைத் தொடங்கலாம். காத்திருந்து நோயை வளர்க்கக் கூடாது.

நமது நாட்டில் தனியார் வைத்தியசாலையில் நிபுணரைப் பார்க்கக் கடிதம் தேவையில்லை. இது வசதி. அதேவேளை, தவறான கதவைத் தட்டவும் வழி. ஆகையால் சனல் பண்ணும் முன் இரண்டு விடயங்களைப் பாருங்கள். ஒன்று, அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா? இரண்டு, அவரது விசேட துறை உண்மையில் அகஞ்சுரப்பியியல்தானா? கடன் கொடுக்கும் முன் ஆளை விசாரிக்கும் நமக்கு இது பெரிய வேலையல்ல.

இன்னொரு விடயம். மாலையில் தனியார் வைத்தியசாலையில் அமரும் நிபுணர்களில் பலர் காலையில் அரசாங்க வைத்தியசாலையில் கடமை புரிபவர்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நீரிழிவு, அகஞ்சுரப்பி நோய்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. குடும்ப வைத்தியரின் கடிதத்துடனோ வெளிநோயாளர் பிரிவின் ஊடாகவோ கிளினிக்கில் சேரலாம். பணம் அறவிடுவதில்லை. காலைப் பொழுது ஒன்று போகும், அவ்வளவுதான். மச்சான் முதல் தடவை சனல் பண்ணிப் பார்த்தார். அந்த நிபுணரே தனது அரசாங்க கிளினிக்குக்கு வரும்படி சொன்னார். இது மாதக்கணக்கில் தொடரும் சிகிச்சை என்பதால், நடுத்தர வியாபாரி ஒருவர் இதைக் கணக்கிலெடுப்பது புத்திசாலித்தனம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை

வங்கிக்குக் கடன் கேட்டுப் போகும்போது கோவையோடு போகிறோம். நிபுணரிடமும் அப்படியே போங்கள். எல்லா இரத்த ரிபோட்டுகளும் திகதி வரிசையில். ஈசிஜி. தற்போது பாவிக்கும் எல்லா மருந்துகளும், அவற்றின் பெட்டிகளோடு. மாதாமாதம் உடல் நிறை எவ்வளவு என்ற குறிப்பு. குடும்பத்தில் யாருக்கும் தைரொயிட் உண்டா என்ற விபரம். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். படபடப்புக்குக் கொடுக்கும் புரொப்ரனலோல் அவர்களுக்கு ஒத்துவராது. முடி வளர்வதற்கென்று வெளிநாட்டிலிருந்து வரும் பயோட்டின் மாத்திரைகள் சில ஆய்வுகூடங்களில் தைரொயிட் ரிபோட்டைப் பொய்யாக்கிவிடும். அதையும் மறைக்காதீர்கள்.

மூன்று வழிகள்

சிகிச்சை மூன்று வகை. முதலாவது, கார்பிமசோல் மாத்திரை. கிரேவ்ஸ் நோய்க்கு வழமையாக 12 முதல் 18 மாதம் வரை பாவிக்க வேண்டும். சில வாரங்களிலேயே சுகம் தெரியும். அதை நம்பி நிறுத்திவிடக் கூடாது. முழுமையாகப் பாவித்தவர்களிலும் ஏறத்தாழ பாதிப்பேருக்கு நோய் திரும்பலாம். இரண்டாவது, கதிரியக்க அயடின். 1941 முதல் உலகில் பாவனையில் உள்ளது. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் பேராதனைப் பல்கலைக்கழக அணு மருத்துவப் பிரிவிலும் இந்த வசதி உண்டு. மூன்றாவது, சத்திரசிகிச்சை.

கதிரியக்க அயடின் எடுத்த பின் சில நாட்களுக்குச் சிறு பிள்ளைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும். வெள்ளவத்தை மாடி வீடுகளில் ஒரே அறையில் பிள்ளைகளோடு உறங்குபவர்கள் முன்கூட்டியே ஒழுங்கு செய்ய வேண்டும். பெருநாள் விற்பனைக்கு முந்திய வாரத்தில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். கண் பாதிப்பு உள்ளவர்களும், கர்ப்பமாக இருக்கும் அல்லது பாலூட்டும் பெண்களும் இந்த வழியைப் பற்றி நிபுணரிடம் விசேடமாகப் பேச வேண்டும். கண் பாதிப்பைச் சிகரெட் மோசமாக்கும். மச்சான் அதை அன்றோடு விட்டார்.

எல்லோரும் மனதில் பதிக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. கார்பிமசோல் பாவிக்கும்போது காய்ச்சலோ தொண்டை நோவோ வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்தி, அன்றே வைத்தியரிடம் சென்று இரத்த அணுக்களைச் சோதிக்க வேண்டும். அரிதாக, இம்மருந்து வெண்குருதிக் கலங்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். பெனடோலோடு கடையில் உட்கார்ந்திருக்கும் விடயமல்ல இது.

மருந்தை நீங்களாகவே திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது நாம் பட்ட பாடு ஞாபகமிருக்கும். கடைசி மாத்திரை வரை காத்திராமல், துண்டு இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கி வையுங்கள். நோன்பு காலத்துக்கும் முன்கூட்டியே வைத்தியரிடம் பேசுங்கள். கார்பிமசோலைப் பலருக்கு நாளுக்கு ஒரு தடவையே கொடுக்கிறார்கள் என்பதால் நேரத்தை மாற்றுவது பெரும்பாலும் கஷ்டமல்ல. ஆனால் நோய் கட்டுப்படாத நிலையில் நோன்பு பிடிக்கலாமா என்பதை அவரே சொல்ல வேண்டும்.

இரண்டு மாதத்தில் மச்சானின் கை நடுக்கம் நின்றது. கையொப்பம் பழையபடி வந்தது. பங்காளியோடு கணக்கு முடிப்பதாகச் சொன்ன பேச்சும் நின்றது. எனினும் கோபித்துச் சென்ற அந்த வாடிக்கையாளர் இதுவரை வரவில்லை.

கடைகளில் இப்படித் திடீரென்று மெலிந்து, எரிந்து விழுந்து, கை நடுங்கிக்கொண்டிருக்கும் முதலாளிமார் இருப்பார்கள். அவரது குணம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன், பங்காளியோ மகனோ ஒரு டீஎஸ்எச் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதற்கு ஆகும் செலவு, திரும்பி வரும் ஒரு காசோலையின் நட்டத்தை விட மிகக் குறைவு.