முன்களத்தில் ஓர் இளம் அதிகாரி: வீட்டுக்கு எட்டும் சொல்லும் எட்டாத நாளும்

திருச்சி ஜங்ஷனுக்குத் தெற்கே, மதுரை சாலையை ஒட்டி அமைந்த எடமலைப்பட்டி புதூருக்கும் லடாக்கின் பனிமலைகளில் உள்ள இராணுவக் காவல் நிலைகளுக்கும் இடையே 2,500 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு உண்டு. அத்தொலைவைக் கடந்து ஓர் இளம் அதிகாரியிடமிருந்து வீட்டுக்கு வரும் செய்தி பெரும்பாலும் மிகச் சிறியது: உடம்பு நன்றாக இருக்கிறது, சாப்பாடு பரவாயில்லை, குளிர் கொஞ்சம் அதிகம், விடுப்பு எப்போது என்று இன்னும் தெரியவில்லை. இவ்வளவுதானா அவருடைய வாழ்க்கை என்று பெற்றோருக்குத் தோன்றுவது இயல்பே. ஆயினும் அந்த அதிகாரியின் அன்றாடத்தை அறிந்து அச்செய்தியை மீண்டும் படிப்பவர்களுக்கு, அச்சிறு சொற்கள் எதையோ மறைப்பதற்காகச் சொல்லப்பட்டவை அல்ல என்பதும், அவருடைய நாளின் பெரும்பகுதி உண்மையிலேயே உணவு, உடம்பு, குளிர், விடுப்பு ஆகியவற்றைப் பேணுவதில்தான் கழிகிறது என்பதும் விளங்கும்.

யார் இந்த இளநிலை அதிகாரி

இந்திய இராணுவத்தில் லெப்டினன்ட், கேப்டன் ஆகிய பதவிகளில் இருப்போரையும், புதிதாக மேஜர் ஆனவர்களையும் இளம் அதிகாரிகள் என்று கொள்ளலாம். காலாட்படையின் அடிப்படை அலகான பட்டாலியனில் ஏறத்தாழ 800 பேர் இருப்பர். அது கம்பெனிகளாகவும், ஒவ்வொரு கம்பெனியும் பிளட்டூன்களாகவும், பிளட்டூன் பத்துப் பேர் அளவிலான செக்‌ஷன்களாகவும் பிரிக்கப்படும். சுமார் 120 பேர் கொண்ட ஒரு கம்பெனியின் பொறுப்பு, முப்பது வயதுகூட நிரம்பாத ஓர் அதிகாரியின் தோளில் விழுவது முன்களத்தில் வழக்கமானது. பிளட்டூன்களை நடத்தும் சுபேதார்களும் நாயப் சுபேதார்களும் இருபது, இருபத்தைந்து ஆண்டு அனுபவம் பெற்றவர்கள் என்பதால், பதவியில் மூத்தவரான இளம் அதிகாரியே அவர்களைச் 'சாப்' என்று மரியாதையுடன் அழைத்து, அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டே கட்டளையிட வேண்டியிருக்கிறது.

1962ஆம் ஆண்டு சீனப் போருக்குப் பின் அதிகாரிகளின் தேவை பெருகியதால், 1963இல் சென்னை பரங்கிமலையில் தொடங்கப்பட்ட அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி, பின்னர் அதிகாரிகள் பயிற்சி அகாடமி என்று பெயர் மாற்றம் பெற்று, குறுகியகாலப் பணிக்கான அதிகாரிகளை இன்றும் உருவாக்கிவருகிறது. இங்கு ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான பயிற்சி பெற்று வெளியேறும் தமிழ் இளைஞர் தமிழ் பேசும் வீரர்களிடையேதான் பணியாற்றுவார் என்று கொள்ள முடியாது. பழைய ரெஜிமென்ட்களில் பலவற்றில் வீரர்கள் குறிப்பிட்ட வட்டாரங்களிலிருந்தும் சமூகங்களிலிருந்தும் சேர்க்கப்படுகின்றனர். அதிகாரிகளோ நாட்டின் எப்பகுதியிலிருந்தும் வரலாம்.

இராமேஸ்வரத்தில் 1972இல் பிறந்தவரும், திருச்சியைச் சேர்ந்த குடும்பத்தின் மகனுமான மேஜர் மாரியப்பன் சரவணன் இதற்குத் தக்க சான்று. பரங்கிமலையில் பயிற்சி பெற்ற அவர் சேர்ந்தது பிகார் ரெஜிமென்ட்டின் முதலாவது பட்டாலியனில். பிகார், ஜார்க்கண்ட், ஒடிசா பகுதி வீரர்கள் மிகுந்த அந்த ரெஜிமென்ட்டில், அவர்களோடு ஒன்றாகப் பேசி, அவர்களுடைய போர் முழக்கத்தை முழங்கி, அவர்களுடைய பண்டிகைகளைத் தன் பண்டிகையாகக் கொள்ள வேண்டியது தமிழ்நாட்டிலிருந்து சென்ற அதிகாரியின் கடமை. விடுப்புப் பட்டியல் தயாரிக்கும்போது, தீபாவளிக்கு ஆறாம் நாள் வரும் சட் பூஜை அவ்வீரர்களுக்கு எவ்வளவு முக்கியமானது என்பதை அறியாதவர் அங்கே நல்ல அதிகாரியாக இருக்க முடியாது.

மலை விதிக்கும் நாள் ஒழுங்கு

உயர்மலைப் பகுதியில் எதிரியைக் காண்பதற்கு முன்பே உடம்போடு போராட வேண்டியிருக்கிறது. கடல் மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தில் சுமார் 60 விழுக்காடு மட்டுமே 14,000 அடி உயரத்தில் இருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. சமவெளியிலிருந்து வரும் படையினரை நேரே மேலே அனுப்பினால் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து நேரும். ஆகவே 9,000 முதல் 12,000 அடி வரையிலான உயரத்தில் ஆறு நாள்கள், 15,000 அடி வரை நான்கு நாள்கள், அதற்கும் மேலே மற்றொரு நான்கு நாள்கள் என்று படிப்படியாக உடலைப் பழக்கிய பின்னரே மேல் நிலைகளுக்கு அனுப்புகின்றனர். இவ்விதியைத் தம் வீரர்கள் ஒவ்வொருவரும் முழுமையாகக் கடைப்பிடித்தார்களா என்று பார்ப்பது இளம் அதிகாரியின் முதல் வேலை.

காவல் நிலையில் நாள் விடிவதற்கு முன்பே தொடங்குகிறது. தாக்குதல்கள் பெரும்பாலும் அரையிருளில் நிகழும் என்ற பழைய அனுபவத்தின் அடிப்படையில், விடியலிலும் அந்தியிலும் அனைவரும் ஆயுதத்தோடு தத்தம் இடத்தில் விழித்து நிற்கும் 'ஸ்டாண்ட்-டூ' என்ற வழக்கம் உலகப் படைகள் பலவற்றுக்கும் பொதுவானது. அந்நேரத்தில் அதிகாரி, கற்களை அடுக்கிக் கட்டிய 'சங்கர்' எனப்படும் தடுப்புகள் ஒவ்வொன்றுக்கும் சென்று, இரவுக் காவலில் இருந்தவர் கண்டதையும் கேட்டதையும் விசாரித்து, துப்பாக்கியின் இயங்குறுப்புகள் குளிரில் உறைந்து இறுகிவிடவில்லையே என்று சரிபார்த்து, காலை நிலவரத்தை வயர்லெஸ் மூலம் மேலிடத்துக்குத் தெரிவிக்கிறார்.

அதன்பின் வருவது வெளியுலகம் அதிகம் எண்ணிப்பாராத ஒரு வேலை: வீரர்களின் கால்களைப் பார்ப்பது. பூட்ஸைக் கழற்றச் சொல்லி, காலுறை ஈரமாக இருக்கிறதா, விரல் நுனி வெளுத்திருக்கிறதா, தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா என்று ஒவ்வொருவராகச் சோதிக்க வேண்டும். ஈரக் காலுறையோடு ஓரிரவு கழித்தாலே பனிக்கடியால் விரல்களை இழக்க நேரலாம் என்பதே காரணம். வலியைச் சொன்னால் கீழே அனுப்பிவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறைக்கும் இளம் வீரர்கள் உண்டு. அவர்கள் சொல்லாததைத் தாமே கண்டுபிடிக்கும் கண் அதிகாரிக்கு வேண்டும். இதனாலேயே வீரர்கள் இருவர் இருவராக இணைக்கப்பட்டு, ஒருவர் மற்றவரின் மூக்கையும் காதையும் முகநிறத்தையும் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடும் உள்ளது.

சமையலும் எளிதன்று. 14,000 அடி உயரத்தில் தண்ணீர் சுமார் 86 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், அரிசியும் பருப்பும் பிரஷர் குக்கர் இல்லாமல் எளிதில் வேகா. குடிநீருக்குப் பல இடங்களில் பனியை உருக்க வேண்டும். அதற்கு மண்ணெண்ணெய் வேண்டும். அம்மண்ணெண்ணெயோ கோவேறு கழுதைகளின் முதுகிலோ சுமை கூலிகளின் முதுகிலோ மேலே வர வேண்டும். ஸ்ரீநகரையும் லடாக்கையும் இணைக்கும் சோஜி லா கணவாய் பனிக்காலத்தில் மூடப்பட்டுவந்ததால், மாதக்கணக்கில் துண்டிக்கப்படும் நிலைகளுக்கு வேண்டியதையெல்லாம் கோடையிலேயே ஏற்றி இருப்பு வைப்பது இராணுவத்தின் நெடுநாள் வழக்கம். மாவு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று கணக்கு வைக்கும் அதிகாரி, படைத்தலைவராக இருப்பதோடு ஒரு பெரிய குடும்பத்தின் பொறுப்பாளராகவும் இருக்கிறார்.

மலையின் கொடுமை எத்தகையது என்பதற்கு 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில் நிகழ்ந்ததே போதும். ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த நிலையின்மீது பனிச்சரிவு விழுந்ததில், மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பதின்மர் புதையுண்டு உயிரிழந்தனர். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அன்று எதிரியின் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

ஊர்ப்பெயர் இல்லாத முகவரி

இத்தனையும் வீட்டுக்கு எப்படிச் சொல்லப்படுகிறது என்பது தனி வரலாறு. முன்களத்தில் உள்ளவருக்குக் கடிதம் எழுதும் குடும்பம் அவருடைய எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றை எழுதி, '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்று முடிக்கும். ஏ.பி.ஓ. என்பது இராணுவ அஞ்சலகத்தைக் குறிக்கும் சுருக்கம். முன்னதற்குரிய கடிதங்கள் டெல்லியிலும் பின்னதற்குரியவை கொல்கத்தாவிலும் பிரிக்கப்பட்டு உரிய இடங்களுக்கு அனுப்பப்படும். படைப்பிரிவு எந்த மலையில் இருந்தாலும் முகவரியில் ஊர்ப்பெயர் இராது. அதனால் தபால்காரருக்கும் குடும்பத்துக்கும் இடம் தெரியாது. மகன் எங்கே இருக்கிறான் என்பதை அறியாமலே அவனுக்குக் கடிதம் எழுதப் பெற்றோர் பழகிக்கொள்கின்றனர்.

முதல் உலகப் போரில் பிரான்சில் போரிட்ட இந்திய வீரர்களின் கடிதங்களைப் படித்துத் தணிக்கை செய்யத் தனி அலுவலகமே இயங்கியது. எழுத்தறியாத வீரர்களுக்காக மற்றொருவர் எழுதித் தந்த அக்கடிதங்களின் சில பகுதிகள் தணிக்கை அறிக்கைகளில் படியெடுக்கப்பட்டதால்தான் இன்று ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. அதே காலத்தில் பிரிட்டிஷ் படையில், தம் வீரர்களின் கடிதங்களைப் படித்து இடப்பெயர்களை அடித்துவிடும் வேலை இளநிலை அதிகாரிகளுடையதாக இருந்தது. பகலில் கட்டளையிட்ட வீரனின் மனைவி, குழந்தை, கடன், ஏக்கம் அனைத்தையும் இரவில் அவனுடைய கடிதத்திலேயே படித்தறிந்த அவ்வதிகாரிகளுக்கு, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்ற எல்லை மிக நன்றாகத் தெரிந்திருந்தது.

இன்று செயற்கைக்கோள் தொலைபேசியும் கைப்பேசியும் வந்துவிட்டன. உயர்நிலைகளில் பணிபுரியும் வீரர்களின் செயற்கைக்கோள் தொலைபேசிக் கட்டணம் 2017இல் நிமிடத்துக்கு ஐந்து ரூபாயிலிருந்து ஒரு ரூபாயாகக் குறைக்கப்பட்டது. மறுபுறம், 2020இல் 89 செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்குமாறு இராணுவம் தன் பணியாளர்களுக்கு உத்தரவிட்டது. குரல் கேட்கும் வசதி பெருகியிருந்தாலும் சொல்லக்கூடியவற்றின் அளவு பெருகவில்லை. "சாப்பிட்டியாப்பா?" என்று அம்மா கேட்கிறார், "சாப்பிட்டேன்மா" என்று மகன் சொல்கிறான், அந்தச் சாப்பாடு எந்த மலையில், எத்தனை பேர் முதுகில் ஏறி வந்தது என்பது அப்பேச்சில் இடம்பெறுவதில்லை.

சொல்ல வேண்டிய கடினமான செய்தி

இளம் அதிகாரி தம் வீட்டுக்கு மட்டும் செய்தி சொல்பவர் அல்லர். கம்பெனியில் ஒருவர் உயிரிழந்தால், அரசு முறைப்படி செல்லும் அறிவிப்புக்கு அப்பால், அவருடைய பெற்றோருக்கோ மனைவிக்கோ கைப்பட ஆறுதல் கடிதம் எழுதுவது கம்பெனி கமாண்டரின் மரபு. இறந்தவர் எப்படிப் பணியாற்றினார், தோழர்கள் அவரை எப்படி நேசித்தனர் என்று, துயரத்தைக் கூட்டாமலும் உண்மையை மாற்றாமலும் எழுத வேண்டிய அக்கடிதமே, அந்த வயதில் ஒருவர் எழுத நேரும் மிகக் கடினமான கடிதமாக இருக்கும்.

அத்தகைய செய்தி மேஜர் சரவணனின் வீட்டுக்கும் வந்தது. 1999 மே மாதத் தொடக்கத்தில், லடாக்கின் படாலிக் பகுதியில் காணாமற்போன தன் யாக் எருதைத் தேடிச் சென்ற தாஷி நம்கியால் என்ற கால்நடை வளர்ப்பவர் மலைமேல் ஊடுருவல்காரர்களைக் கண்டு இராணுவத்துக்குத் தகவல் தந்தார். அதைத் தொடர்ந்து மூண்ட கார்கில் போரின் தொடக்க நாள்களிலேயே, மேஜர் சரவணன் தலைமையிலான வீரர்கள் படாலிக்கின் ஜுபர் மலைப்பகுதியில் 14,000 அடிக்கும் மேலான உயரத்தில் இருந்த எதிரி நிலையைத் தாக்கினர். மே 28-29 இரவில் நடந்த அத்தாக்குதலில், ராக்கெட் லாஞ்சரால் பதுங்குகுழி ஒன்றைத் தகர்த்த அவர், காயமுற்ற பின்னும் பின்வாங்காமல் முன்னேறி 29ஆம் தேதி உயிர்நீத்தார். அவ்விடம் எதிரியின் துப்பாக்கி வீச்சுக்குள் இருந்ததால், அவருடைய உடலை மீட்க ஜூலை முதல் வாரம் வரை, அதாவது ஒரு மாதத்துக்கும் மேல், காத்திருக்க நேர்ந்தது. போர்க்களத்தைப் பற்றி எத்தனை எழுதப்பட்டாலும், திருச்சியில் அந்த ஒரு மாதத்தை ஒரு குடும்பம் கழித்ததையும் அதே போரின் பகுதியாகக் கருதுவதே நேர்மை. அவருக்கு வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. திருச்சி கண்டோன்மென்ட் பகுதியில் அவருக்கு நினைவுச் சின்னமும் உள்ளது. ஜூலை 26இல் முடிவுற்ற அப்போரில் இந்தியத் தரப்பில் உயிர்நீத்தோர் 527 பேர் என்பது அரசின் கணக்கு.

வீட்டார் செய்யக்கூடியது

முன்களத்தில் பிள்ளையை வைத்திருக்கும் குடும்பங்களுக்கும், அவர்களுடைய அண்டை அயலாருக்கும் இதிலிருந்து சில கடமைகள் பிறக்கின்றன. எங்கே இருக்கிறாய், எப்போது இடம் மாறுவாய் என்று துருவிக் கேட்பதும், படைப்பிரிவின் பெயரோடு புகைப்படங்களை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்வதும் அப்பிள்ளைகளுக்கே தீங்காகும். தங்கையின் தேர்வு, தெருவில் புதிதாகப் போட்ட சாலை, மாரியம்மன் கோயில் திருவிழா என்று ஊரின் சிறு செய்திகளை நிறையச் சொல்வது, ஆண்டுக்கு அறுபது நாள் ஆண்டு விடுப்பும் இருபது நாள் தற்செயல் விடுப்பும் மட்டுமே உரிமையாகப் பெறும், அதையும் பணிநிலை அனுமதித்தால் மட்டுமே எடுக்க முடிகிற ஓர் அதிகாரிக்குப் பெரிய துணை.

அதைவிட முக்கியமானது, அவர் சொல்லும் சிறு செய்தியை மதிக்கக் கற்றுக்கொள்வது. 'கால் காய்ந்திருக்கிறது, சூடாகச் சாப்பிட்டேன், பையன்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள்' என்று ஓர் இளம் அதிகாரி எழுதினால், அன்று அவர் தமக்காகவும் தம் பொறுப்பில் உள்ள 120 பேருக்காகவும் விடியலிலிருந்து உழைத்து அடைந்ததன் முழு அறிக்கை அது. துப்பாக்கி முழங்கும் சில மணி நேரங்களை வரலாறு பதிவு செய்கிறது. அந்நேரம் வரும்போது ஒரு கம்பெனி தன் அதிகாரியின் பின்னால் மலையேறுவது, அதற்கு முந்தைய நூறு விடியல்களில் அவர் தங்கள் கால்களைக் குனிந்து பார்த்தவர் என்பதால்தான்.