புள்ளியும் பிள்ளையும்

யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய் வழியாகக் காரைநகர் செல்லும் வீதியில், மானிப்பாயைக் கடந்ததும் வருவது சண்டிலிப்பாய். கல்வளைப் பிள்ளையாரும் அவர்மீது பாடப்பெற்ற கல்வளை அந்தாதியும் இவ்வூருக்குப் பெருமை தேடித் தந்தவை. இவ்வூரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவ்வீட்டுச் சிறுமி சீருடற்பயிற்சி, அதாவது ஜிம்னாஸ்டிக்ஸ், பயில்பவள். போட்டி வெளியூரில் நடைபெறுகிறது. பெற்றோர் வீட்டு விறாந்தையில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்தவண்ணம் இருக்கின்றனர். மாலையில் செய்தி வருகிறது: சமநிலைச் சட்டத்தில் 10.300 புள்ளி. தாய் தன் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டுகிறாள். சென்ற போட்டியில் பெற்றது 10.500. "குறைஞ்சு போச்சே" என்கிறார் தந்தை. அதற்குமேல் அவர் பேசவில்லை. இரவு பிள்ளை வீடு திரும்பும்போது அந்த மௌனமே அவளை வாசலில் வரவேற்கும்.

அந்த மௌனம் நியாயமானதா? இதற்கு விடை காண வேண்டுமாயின், அந்த 10.300 என்னும் எண் எவ்வாறு பிறந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

எண்ணை வாசிப்பதில் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் எவர்க்கும் இளைத்தவரல்லர். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியும், பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியும் இங்கு வீட்டுக்கு வீடு பேசப்படுபவை. ஆண்டுதோறும் பாடசாலைகளில் நடைபெறும் இல்ல மெய்வல்லுநர் போட்டியிலும் எந்த இல்லம் எத்தனை புள்ளி முன்நிற்கிறது என்பதைப் பழைய மாணவர்களும் கணக்கிட்டுக்கொண்டிருப்பர். ஆயின், மெய்வல்லுநர் போட்டியின் எண்ணுக்கும் சீருடற்பயிற்சியின் எண்ணுக்கும் அடிப்படையிலேயே ஒரு வேற்றுமை உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்குத் தங்கப் பதக்கம் ஈட்டித் தந்தார். அவர் கடந்த உயரத்தை அளவுகோல் சொல்லிற்று. குறுக்குக் கம்பம் விழவில்லை என்பதை அரங்கிலிருந்த அனைவரும் கண்டனர். அங்கே வாதத்துக்கு இடமில்லை. சீருடற்பயிற்சியிலோ அளவுகோல் கிடையாது. நடுவரின் கண்ணே அளவுகோல்.

கண் தவறக்கூடும் என்பதனாலேயே அதற்குப் பல விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. 1881இல் தோன்றிய சர்வதேசச் சீருடற்பயிற்சிச் சம்மேளனம் வெளியிடும் புள்ளி விதிநூலே இவற்றுக்கெல்லாம் மூலம். ஒலிம்பிக் விழாவுக்கு ஏற்ப நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது திருத்தி அமைக்கப்படுகிறது. அவ்விதிப்படி, ஒரு பயிற்சித் தொடரைப் பார்க்கும் நடுவர் இரு பிரிவினராய் அமர்கின்றனர். ஒரு பிரிவினர் பிள்ளை எதைச் செய்தாள் என்பதை மாத்திரம் கணிப்பர். இது கடினப்புள்ளி. மற்றைப் பிரிவினர் அதை எவ்வளவு செம்மையாகச் செய்தாள் என்பதைக் கணிப்பர். இது செய்நேர்த்திப் புள்ளி.

கடினப்புள்ளி கீழிருந்து மேலே கட்டப்படுவது. ஒவ்வோர் அம்சத்துக்கும் ஒரு பெறுமதி உண்டு. மிக எளியது 0.1, அடுத்தது 0.2, அதற்கடுத்தது 0.3 என்று அது ஏறிச் செல்லும். பெண்களுக்கான சட்டப் பயிற்சிகளிலும் தரைப் பயிற்சியிலும் மிகக் கடினமான எட்டு அம்சங்களே கணக்கில் சேரும். அவற்றுடன், தொடரில் இடம்பெறவேண்டிய நான்கு தேவைகளை நிறைவு செய்தால் ஒவ்வொன்றுக்கும் 0.5 கிடைக்கும். செய்நேர்த்திப் புள்ளியோ மேலிருந்து கீழே இறங்குவது. எல்லோரும் 10 புள்ளியுடனேயே தொடங்குகின்றனர். முழங்கால் சற்று மடிந்தால் 0.1, பிழை நடுத்தரமானதாயின் 0.3, பெரிதாயின் 0.5, விழுந்துவிட்டால் 1 என்று கழிக்கப்படும். பெரும் போட்டிகளில் நடுவர் பலர் இட்ட புள்ளிகளுள் மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் நீக்கி, எஞ்சியவற்றின் சராசரியையே எடுப்பர். இவ்விரு புள்ளிகளையும் கூட்டி, எல்லைக் கோட்டைத் தாண்டியமை போன்ற குற்றங்கள் இருப்பின் அவற்றுக்கான தண்டப்புள்ளியைக் கழித்தால் வருவதே பலகையில் தோன்றும் எண்.

இனிச் சண்டிலிப்பாய் வீட்டின் கணக்குக்குத் திரும்பலாம். முதற் போட்டியில் அச்சிறுமியின் கடினப்புள்ளி 2.4, செய்நேர்த்திப் புள்ளி 8.1. ஆகமொத்தம் 10.5. இரண்டாம் போட்டியிலே கடினப்புள்ளி 3.0, செய்நேர்த்திப் புள்ளி 7.3. ஆகமொத்தம் 10.3. இடையில் அவள் புதிய அம்சம் ஒன்றைக் கற்றிருந்தாள். அது தேவைகளுள் ஒன்றை நிறைவு செய்து 0.5 பெற்றுத் தந்தது. பழைய அம்சத்தைவிட 0.1 பெறுமதியும் அதற்கு மிகுதி. அந்த அம்சத்தைச் செய்து சட்டத்தில் காலூன்றிய பின்னரே நிலைதடுமாறி விழுந்தாள். அந்த ஒரு விழுகைக்கு 1 புள்ளி போயிற்று. விழாதிருந்தால் செய்நேர்த்தி 8.3, மொத்தம் 11.3. அதாவது, கடினத்திலும் அவள் முன்னேறியிருக்கிறாள், செம்மையிலும் முன்னேறியிருக்கிறாள். தந்தை கண்டதோ 0.2 வீழ்ச்சி. பத்துச் சென்ரிமீற்றர் அகலமும், தரையிலிருந்து 1.25 மீற்றர் உயரமும் உடைய ஒரு சட்டத்தின்மீது முதன்முறையாகப் புதியதொன்றைத் துணிந்து செய்த பிள்ளைக்கு வீட்டில் கிடைத்தது மௌனம்!

இவ்வாறான கணக்கு யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் புதிதன்று. உயர்தரப் பரீட்சையில் ஒரு பாடத்தின் வினாத்தாள் கடினமாயும் மற்றொன்றினது எளிதாயும் அமையலாம். இரண்டிலும் பெற்ற வெறும் புள்ளிகளை ஒப்பிடுவது நீதியாகாது. அதனாலேயே பல்கலைக்கழக அனுமதிக்கு 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி முறை கையாளப்படுகிறது. ஒரு மாணவர் அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதை அது காட்டுகிறது. வினாத்தாளின் கடினத்தை அறியாமல் புள்ளியை மதிப்பிடலாகாது என்னும் இந்த ஞானத்தை, பரீட்சை மண்டபத்திலிருந்து விளையாட்டு மண்டபத்துக்கும் எடுத்துச் செல்லுதலே வேண்டுவது.

முற்காலத்தில் இப்புள்ளி இத்துணைச் சிக்கலாக இருக்கவில்லை. 10 என்பதே உச்சம். 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில், 14 வயதுச் சிறுமியான ருமேனியாவின் நாடியா கோமனச்சி உயரம் வேறுபட்ட இரு சட்டங்களில் பயிற்சி செய்து முழுமையான 10 பெற்றாள். அத்தகைய எண் வரும் என எதிர்பாராத பலகையோ 1.00 என்று காட்டிற்று. பலகையை மட்டும் நோக்கியவர் அதை மிகக் கீழான புள்ளியென எண்ணியிருப்பர். எண்ணைத் தனியே வாசிப்பதன் ஆபத்துக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அந்த 10 நெடுங்காலம் நிலைக்கவில்லை. 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தென்கொரிய வீரர் யாங் தே யங்கின் பயிற்சித் தொடருக்குத் தொடக்கப் பெறுமதி 10 என இருக்கவேண்டிய இடத்தில் 9.9 என நடுவர் கணித்துவிட்டனர். தங்கம் அமெரிக்க வீரர் போல் ஹம்முக்குச் சென்றது. யாங்குக்குக் கிடைத்தது வெண்கலம். நடுவர் மூவர் இடைநிறுத்தப்பட்டனர். முடிவோ மாறவில்லை. இத்தகைய குழப்பங்களின் பின்னர், 2006ஆம் ஆண்டு கடினத்தையும் செய்நேர்த்தியையும் பிரித்துக் கூட்டும் இன்றைய முறை நடைமுறைக்கு வந்தது. ஆதலின், பழைய காலத்து 9.5ஐயும் இக்காலத்து 13.5ஐயும் ஒப்பிடுவதில் பொருளில்லை. விதிநூல் திருத்தப்படும்போது அம்சங்களின் பெறுமதியும் மாறுகின்றபடியால், ஒரே பிள்ளையின் இவ்வாண்டுப் புள்ளியைச் சில ஆண்டுகளுக்கு முந்திய புள்ளியுடன் ஒப்பிடும்போதும் எச்சரிக்கை வேண்டும்.

துணிவுக்கும் செம்மைக்கும் இடையிலான பேரத்தை அயல்நாடான இந்தியாவின் தீபா கர்மாக்கர் உலகறியச் செய்து காட்டினார். திரிபுராவின் அகர்தலாவில் வளர்ந்த அவர், 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கின் தாவுமேசை இறுதிப் போட்டியில் புரொடுனோவா என்னும் மிகக் கடினமான தாவலைத் தெரிந்தெடுத்தார். அதன் கடினப்புள்ளி 7.0. இரண்டு தாவல்களின் சராசரி 15.066. வெண்கலம் வென்றவருக்கு 15.216. வேறுபாடு 0.150 மாத்திரமே. நான்காம் இடம் என்று முடிந்த அந்தப் போட்டி, பதக்கப் பட்டியலில் ஒரு வெற்றிடமேயாம். ஆயினும், அவரைத் தோற்றவர் என்று இந்தியாவில் எவரும் கூறவில்லை. இலங்கையிலும் மில்க்கா கெஹானி 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் பங்குபற்றி, ஒலிம்பிக் மேடையேறிய முதல் இலங்கைச் சீருடற்பயிற்சி வீராங்கனையானார். பதக்கம் இல்லாத அந்தப் பயணமும் இந்நாட்டுச் சிறுமியருக்கு ஒரு வாயிலைத் திறந்துவிட்டது.

நடுவர் தவறிழைத்தார் எனப் பெற்றோர் கருதினால் செய்யக்கூடியது யாது? செய்நேர்த்திப் புள்ளியை எவரும் கேள்விக்குள்ளாக்க முடியாது. கடினப்புள்ளியைப் பற்றி மாத்திரம், குறித்த நேரத்துக்குள், பயிற்றுநர் முறைப்படி வினவலாம். அந்த நேரம் எத்துணைச் சிறிதென்பதை 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் உணர்த்திற்று. தரைப் பயிற்சியில் இறுதியாகப் பங்குபற்றிய அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸுக்கு, வினவலின் பயனாக 0.1 கூடி வெண்கலம் கிடைத்தது. வினவல் ஒரு நிமிட எல்லைக்கு நான்கு வினாடி பிந்தியது என விளையாட்டு நடுவர் மன்றம் தீர்மானிக்கவே, அப்பதக்கம் ருமேனிய வீராங்கனை ஆனா பார்போசுவுக்கு வழங்கப்பட்டது. அதன் பின்னும் வழக்கு நீண்டது. உலக அரங்கிலேயே இவ்வாறெனில், பார்வையாளர் வரிசையிலிருந்து பெற்றோர் எழுப்பும் கூச்சல் எதையும் திருத்தப் போவதில்லை. அது பிள்ளையின் காதில் விழுவதொன்றே அதன் பயன்.

புள்ளியைக் குறித்து வைப்பதே தவறு என்று இதனால் கொள்ளலாகாது. நன்கு எழுதப்பெற்ற குறிப்புப் புத்தகம் பயிற்றுநருக்கும் துணையாகும். அதில் மொத்தப் புள்ளியை மட்டும் எழுதாது, கடினம், செய்நேர்த்தி, தண்டம் என மூன்றையும் தனித்தனியே எழுதுதல் வேண்டும். விழுகை உண்டா, புதிய அம்சம் உண்டா என்பவற்றையும் குறித்தல் வேண்டும். பிற பிள்ளைகளோடு ஒப்பிடுவதாயின், ஒரே போட்டியில், ஒரே சாதனத்தில், ஒரே நடுவர் முன்னிலையில் நின்றவருடன் மட்டுமே ஒப்பிடுதல் தகும்.

இன்னுமொரு நிரல் அப்புத்தகத்தில் இருத்தல் அவசியம். அது வலிக்கும் அச்சத்துக்குமான நிரல். வளரும் பிள்ளையின் எலும்பு முனைகள் இன்னும் முற்றாதவை. ஓயாது உடற்பாரத்தைத் தாங்கும் மணிக்கட்டும் முள்ளந்தண்டின் அடிப்பகுதியும் எளிதில் பழுதுறும். பிள்ளை திடீரென உயரமாக வளரும் காலத்தில், நேற்றுவரை கைவந்த அம்சம் இன்று கைநழுவிப் போவதுண்டு. அது சோம்பலன்று. உடல் தன் புதிய அளவைக் கற்றுக்கொள்ளும் காலம் அது. உலகின் தலைசிறந்த வீராங்கனையான சிமோன் பைல்ஸே டோக்கியோவில் இரண்டரைச் சுழற்சி செய்ய எண்ணித் தாவி, அந்தரத்தில் திசையுணர்வு இழந்து ஒன்றரைச் சுழற்சியுடன் இறங்கினார். உடனே அந்தக் குழுப் போட்டியிலிருந்து விலகினார். அவ்விலகலால் அவர் வாழ்வு முடிந்துவிடவில்லை. 2024இல் பாரிஸில் மூன்று தங்கம் வென்றார். குறைந்த புள்ளி சில வேளைகளில் எச்சரிக்கை மணி. அம்மணியை அதட்டி அடக்கும் பெற்றோர் பிள்ளையின் கழுத்தெலும்பையே பணயம் வைக்கின்றனர். அவசரப்படவும் தேவையில்லை. நாடியா 14 வயதில் ஒலிம்பிக் சென்றாள். 1997 முதல் பெண்கள் மூத்தோர் போட்டியில் பங்குபற்ற 16 வயது வேண்டும் என்பது விதி.

இரவு ஒன்பது மணியளவில் அச்சிறுமியின் வான் சண்டிலிப்பாய்ச் சந்தியில் வந்து நிற்கும். தாய் குறிப்புப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். புள்ளி அவளுக்கு ஏலவே தெரியும். ஆதலால் அதைக் கேட்கவேண்டிய அவசியமில்லை. "பிள்ளை, புதுசாப் பழகினதைச் செய்து பாத்தியோ? எங்கையும் நோகுதோ?" என்னும் இரண்டு கேள்விகள் போதும். முதற் கேள்வியில் கடினப்புள்ளியும் அடங்கும், துணிவும் அடங்கும். இரண்டாவதில் பிள்ளை முழுவதும் அடங்குவாள். அதன்பின் தந்தையும் மௌனத்தை விட்டு, அந்த 10.300இன் கணக்கை மகளுடன் அமர்ந்து கூட்டிப் பார்க்கலாம். அவர் காணத் தவறிய முன்னேற்றத்தை அவளே அவருக்குச் சொல்லிக் கொடுப்பாள்.