உங்களுக்குத் தெரியுமா? ரேடியல் கம்பியின் ஆபத்து முனையில்தான்!

அமெச்சூர் வானொலியின் செங்குத்து ஆண்டெனாவில், அதன் அடியிலிருந்து சுற்றிலும் விரித்து, தரைக்கு மேலே கட்டும் ரேடியல் கம்பிகளின் கடைசி முனைதான் ஆபத்தானது. 7 மெகாஹெர்ட்ஸுக்கான கால் அலைநீளக் கம்பி சுமார் 10 மீட்டர். டிரான்ஸ்மிட்டரிலிருந்து வரும் கேபிள் இணையும் இடத்தில் மின்னோட்டம் உச்சம். முனையில் அது பூஜ்யமாகி, மின்னழுத்தம் உச்சத்துக்கு ஏறும். 100 வாட் டிரான்ஸ்மிட்டரே அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட்டை எழுப்பிவிடும். தொட்டால் வீட்டு மின்சாரம் போல ஷாக் அடிக்காது. தோல் சட்டென்று வெந்துவிடும். புண் சிறிதாகத் தெரிந்தாலும் ஆழமாக இருக்கலாம். கம்பியின் பிளாஸ்டிக் உறையை மட்டும் நம்பாதீர்கள். குழந்தைகள் தொடக்கூடிய வேலிக்கம்பத்தில் முனையைக் கட்டவே கூடாது! பெரியவர் கை தூக்கினாலும் எட்டாத உயரத்தில், பீங்கான் இன்சுலேட்டர் போட்டு, நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். மண்ணில் புதைத்த ரேடியல்களில் இந்த ஆபத்து மிகக் குறைவு.