பொதிகை டிவியும் உங்கள் கம்ப்யூட்டரும்

ஐந்தருவியில் குளித்துவிட்டு நிமிர்ந்தால் பொதிகை மலைத்தொடர்தான். சென்னை தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனல் 2000-ல் இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. ஆனால் 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னை நிலையம் தொடங்கியபோது தென்காசியில் அதைப் பார்க்க வழியில்லை. டிவி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை; 500 கி.மீ.க்கு மேல் தாண்டி வராது. 1982-ல் இலங்கை ரூபவாகினி தொடங்கியதும் தென் மாவட்டங்களில் பலர் ஆன்டெனாவை அந்தப் பக்கம் திருப்பினார்கள். (பூஸ்டர் போட்டும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும்!) கொடைக்கானல் மலையில் டிரான்ஸ்மிட்டர் வந்த பிறகுதான் 'வயலும் வாழ்வும்', 'ஒளியும் ஒலியும்' எல்லாம் கிராமங்களை எட்டின.

2024 ஜனவரியில் பொதிகை, 'டிடி தமிழ்' ஆனது. கம்ப்யூட்டரில் பார்க்க ஆன்டெனா, பூஸ்டர் எதுவும் வேண்டாம். இன்டர்நெட் இணைப்பு இருந்தால், யூடியூபில் அந்தப் பெயரை டைப் செய்து தேடுங்கள்.